ஸ்மூத்திங் செய்த முடிக்கு என்ன நடந்தது? குறியைப் பார்த்துக் கோளாறைக் கண்டுபிடிக்கும் வழி

மச்சாளின் கலியாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் முதன்முதலாக ஸ்மூத்திங், அதாவது முடியை நேராக்கிப் பணிய வைக்கும் வேலை, செய்துகொண்டேன். காலை ஒன்பதரைக்குச் சலூனில் போய் இருந்தவள், எழும்பும்போது பின்னேரம் நாலு மணி. "கெரட்டின்தான் தங்கச்சி, முடிக்கு நல்லது" என்றார்கள். கலியாண வீட்டில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஆறாவது கிழமை கிணற்றடியில் முழுகிவிட்டு விரலால் கோதினேன். ஒரு கொத்து முடி கையோடு வந்தது. வேரோடு அல்ல, நடுவில் அறுந்து.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் பிழையானவை. முடி உதிர்கிறது என்று நினைத்து வெங்காயச் சாறு பூசினேன். முடி காய்ந்துபோய்விட்டது என்று நினைத்து வேறொரு சலூனில் இன்னொரு தடவை ட்ரீட்மென்ட் செய்தேன். முதுகு வரை இருந்த முடி அந்த இரண்டாவது தடவையோடு தோளுக்கு வந்துவிட்டது. உண்மையில் என் முடி உதிரவும் இல்லை, காயவும் இல்லை. அது உள்ளே அறுந்துகொண்டிருந்தது. உதிர்வுக்கு ஒரு வழி, காய்வுக்கு ஒரு வழி, அறுவதற்கு வேறொரு வழி. குறியைப் பிழையாக வாசித்தால் செய்யும் வைத்தியமும் பிழைத்துப்போகும்.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருக்கும் நமக்குத் தண்ணீரும் காற்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கொழும்புச் சலூனில் கொடுக்கும் அறிவுரை இங்கே அப்படியே பொருந்தாது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்கள் குறி எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் வாசித்துவிட்டுப் போங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்: உங்கள் தலையில் எதைப் பூசினார்கள்?

ஸ்மூத்திங், ஸ்ட்ரெயிட்னிங், ரீபொண்டிங், கெரட்டின், போடொக்ஸ், நனோ என்று பெயர்ப்பலகையில் என்ன இருந்தாலும் உள்ளே நடக்கும் வேலை இரண்டு மூன்று வகைதான். பெயரை நம்ப வேண்டாம். வேலையைப் பாருங்கள்.

முதல் வகை, முடியின் பிணைப்பை உடைத்து மறுபடி கட்டுவது. முடி கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அதற்குள் கந்தகப் பிணைப்புகள் இருக்கின்றன. சுருளோ நேரோ, முடியின் வடிவத்தைப் பிடித்து வைத்திருப்பவை அவைதான். அமோனியம் தயோகிளைகொலேட் உள்ள கிரீம் அவற்றை உடைக்கும். பிறகு கழுவிக் காயவைத்து அயன் பண்ணுவார்கள். அதன்மேல் நியூட்ரலைசர் என்ற இரண்டாவது கிரீம் பூசிப் பிணைப்பை நேராகவே மறுபடி கட்டுவார்கள். இது நிரந்தரம். பூசிய முடி திரும்பச் சுருளாது, புதிதாக வளரும் முடி மட்டும் பழையபடி வரும்.

இரண்டாம் வகை, திரவத்தை முடியில் பூசி, காயவைத்து, அது முடியில் இருக்கும்போதே நல்ல சூட்டில் அயன் பண்ணுவது. கெரட்டின் ட்ரீட்மென்ட் என்பது இதுதான். போர்மல்டிஹைட் அல்லது கிளையொக்சிலிக் அமிலம் வேலை செய்யும். மூன்று நான்கு மாதத்தில் முழுக முழுகக் கரைந்து போய்விடும். போடொக்ஸ் என்று சொல்வதில் ஊசி மருந்து எதுவும் இல்லை. அது நல்ல கண்டிஷனராக இருக்கலாம், இல்லாவிட்டால் பெயர் மாறிய இதே இரண்டாம் வகையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, சோடியம் ஐதரொட்சைட்டு அல்லது குவானிடின் உள்ள ரிலாக்ஸர். நம் சலூன்களில் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் பெட்டிகளில் வரும். இதையும் முதல் வகையையும் ஒரே முடியில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசவே கூடாது. முடி அறுந்துவிடும்.

உங்களுக்குப் பூசிய மருந்தின் பெட்டியைப் பார்க்கக் கிடைக்கவில்லையா? மணத்தை நினைத்துப் பாருங்கள். கூழ்முட்டை போல, அமோனியா போல மணத்ததா? இடையில் ஒரு தடவை கழுவிவிட்டு இரண்டாவது கிரீம் பூசினார்களா? அப்படியென்றால் முதல் வகை. அயன் வைக்கும்போது புகை எழும்பிக் கண்ணும் மூக்கும் கரித்ததா, ஒரே திரவத்தோடு வேலை முடிந்ததா? இரண்டாம் வகை. மூன்று மாதம் கழிந்திருந்தால் முடியே சொல்லும்: வேரில் சுருளும் கீழே தடி போல நேருமாகக் கோடு விழுந்திருந்தால் முதல் வகை, முழு நீளமும் மெல்ல மெல்ல அலையாகத் திரும்பினால் இரண்டாம் வகை.

எனக்குக் கெரட்டின் என்று சொல்லிச் செய்தது கூழ்முட்டை மணத்தது, இரண்டு கிரீம் பூசினார்கள். அது தெரியாமல் இரண்டாவது சலூனில் "முன்னர் கெரட்டின் செய்தேன்" என்று சொன்னேன். அவர்களும் நம்பி அதன்மேல் வேலை செய்தார்கள். அந்த ஒரு சொல்தான் என் முடியைக் கொண்டுபோனது. ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள், பெட்டியைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காசு கொடுப்பது நீங்கள், தலையும் உங்களுடையது.

குறி: சலூனிலேயே கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது

உடனே எழும்பி வெளியே வாருங்கள். பாதியில் எழும்பினால் முடி பழுதாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் நிற்க வேண்டாம். சூட்டில் போர்மல்டிஹைட் வாயுவாக வருகிறது. ஏசி போட்டு யன்னல் பூட்டிய சின்ன அறையில் அது தேங்கி நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் போர்மல்டிஹைட்டை மனிதரில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004 இல் வகைப்படுத்தியது. போத்தலில் "போர்மல்டிஹைட் இல்லை" என்று பெரிதாக எழுதியிருந்தாலும் பின்பக்கம் மெதிலீன் கிளைகோல், போர்மலின், மெதனல் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். எல்லாம் ஒரே குடும்பம்.

வெளிக்காற்றுக்கு வந்து கால் மணித்தியாலத்தில் தணிந்தால், முடியைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள். இளைப்பு வந்தால், நெஞ்சு இறுகினால் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இந்த ட்ரீட்மென்டுக்கே போகாமல் இருப்பதுதான் சரி. அந்தப் புகைக்குள் நாள் முழுக்க நிற்கும் பெண்பிள்ளைகளை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்காது. நாம் வருடத்தில் ஒரு நாள் சுவாசிப்பதை அவர்கள் கிழமைக்கு ஐந்து நாள் சுவாசிக்கிறார்கள்.

குறி: தலைத்தோல் எரிகிறது, சிவக்கிறது, கொப்புளம்

இலேசான எரிச்சல் ஒரு நாளில் போய்விடும். கொப்புளம், நீர் வடிதல், முகமோ கண் மடலோ வீங்குதல் என்றால் அது சூடோ மருந்தோ பட்ட காயம் அல்லது ஒவ்வாமை. குளிர்ந்த தண்ணீரால் நன்றாகக் கழுவிவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையோ, கல்முனையோ, அம்பாறையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். பெட்டியின் படம் அங்கேதான் பெரிய உதவி. நம் வீடுகளில் தலைக்கு எது வந்தாலும் தேசிக்காய் தேய்ப்பார்கள். பச்சைப் புண்ணில் புளி படவே கூடாது. அதோடு வெயிலில் நின்றால் தோல் இன்னும் மோசமாகக் கருகும்.

இன்னொரு குறியை யாரும் முடியோடு சேர்த்து நினைப்பதில்லை. ஸ்மூத்திங் செய்த அன்று அல்லது மறுநாள் சத்தி, வயிற்று நோ, இடுப்பு நோ, சிறுநீர் குறைதல். கிளையொக்சிலிக் அமிலம் தோலால் உள்ளே போனால் உடம்பில் ஒட்சலேற்றுப் பளிங்குகளாகிச் சிறுநீரகத்தில் படியலாம். 26 வயதுப் பெண் ஒருவருக்கு மூன்று தடவை செய்த மூன்று தடவையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை 2024 இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. இஸ்ரேலில் 2019 இற்கும் 2022 இற்கும் இடையில் 26 பேருக்கு இப்படி நடந்தது பதிவாகியிருக்கிறது. அடிக்கடி நடப்பதல்ல. ஆனால் இந்த நோக்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் "நேற்று முடிக்கு ட்ரீட்மென்ட் செய்தேன்" என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் அது தோன்றாது.

குறி: முதல் முழுக்கிலேயே பழையபடி சுருள்கிறது

முதலில், எதிர்பார்ப்புச் சரிதானா என்று பாருங்கள். கெரட்டின் வகை முடியைப் பணிய வைக்குமே தவிர, நெருக்கமான சுருளை நேராக்காது. காய்ந்த பிறகு பறக்கும் முடி குறைந்திருக்கிறதா, சீப்பு இலகுவாக ஓடுகிறதா? அப்படியென்றால் ட்ரீட்மென்ட் பிடித்திருக்கிறது.

ஒன்றுமே மாறவில்லை என்றால் வழக்கமான காரணம் எண்ணெய். நாம் சின்ன வயதிலிருந்து தேங்காயெண்ணெய் வைத்து வளர்ந்தவர்கள். நல்ல பழக்கம்தான், முழுகுவதற்கு முன் வைத்தால் முடிக்குள் ஊறிப் புரத இழப்பைக் குறைக்கும். ஆனால் ட்ரீட்மென்டுக்கு முதல் அந்த எண்ணெய்ப் படலம் முழுதாகப் போயிருக்க வேண்டும். ஒரு ஷாம்பூவோடு விட்டுவிட்டால் மருந்து முடிக்குள் இறங்காது. மருதோண்டியும் இதே மாதிரித் தடையாக நிற்கும். அடுத்த காரணம் அவசரம்: தடித்த கொத்தாக எடுத்து அயன் பண்ணினால் நடுவிலுள்ள முடிக்குச் சூடு சேராது. முதல் வகையில் நியூட்ரலைசரை நேரம் குறைத்துக் கழுவிவிட்டாலும் உடைந்த பிணைப்பு கட்டுப்படாமல் இப்படித் திரும்பும்.

எத்தனை நாளில் முழுகினீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. சிலவற்றுக்கு அன்றே கழுவ வேண்டும். பெட்டி எப்படிச் சொல்கிறதோ அப்படி. ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் ஆடப் போகிறவர்கள், ஊர்க் கண்ணகை அம்மன் சடங்கில் நேர்த்தி உள்ளவர்கள், நாளைப் பார்த்து ஒரு கிழமையாவது தள்ளிச் செய்யுங்கள்.

இரண்டாம் வகையென்றால் ஒரு கிழமைக்குள் அதே சலூனுக்குப் போய்க் காட்டுங்கள். பிடிக்காத இடத்தை மட்டும் மறுபடி செய்யலாம். முதல் வகையென்றால் முழுத் தலைக்கும் மறுபடி பூச விட வேண்டாம். அடுத்த குறிக்கு நேரே கொண்டுபோய் விடும் வழி அதுதான்.

குறி: ஈரத்தில் ரப்பர் போல இழுபடுகிறது, பிறகு அறுகிறது

எனக்கு வந்தது இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

சோதித்துப் பார்ப்பது எளிது. விழுந்த முடி ஒன்றை எடுத்து ஈரமாக்கி, இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பும். இழுத்த இடத்திலேயே தொய்ந்து, சுவிங்கம் போல நூலாகி, திரும்பாமல் அறுந்தால் உள்ளே பிணைப்புகள் போய்விட்டன. கிரீமை அளவுக்கு மேல் வைத்திருந்தது, ப்ளீச் பண்ணிய முடியில் பூசியது, ஏற்கெனவே செய்த நீளத்தின்மேல் மறுபடி பூசியது, ஈரம் போகாத முடியில் அயன் வைத்தது, இவற்றில் ஒன்று நடந்திருக்கும். கடைசியில் சொன்னதில் முடிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழ் கட்டும். அந்தக் குமிழ் இருக்கும் இடத்தில் முடி முறியும்.

செய்ய வேண்டியது:

அயன், ட்ரையர், சாயம், ப்ளீச், இன்னொரு ட்ரீட்மென்ட், எல்லாவற்றையும் இன்றே நிறுத்துங்கள். "இதைச் சரிப்படுத்த ஒரு கெரட்டின் போடுவோம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். 200 பாகைக்கு மேல் சூடு வைக்கும் வேலை அது. அறுந்துகொண்டிருக்கும் முடி அதைத் தாங்காது.

வெறும் ஈர முடியில் சீப்பு வைக்க வேண்டாம். கண்டிஷனர் முடியில் இருக்கும்போதே விரலாலோ பெரிய பல் சீப்பாலோ நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்து, பிறகு கழுவுங்கள். துவாயைத் தலையில் முறுக்கிக் கட்டுவதை விடுங்கள். பழைய பருத்திச் சட்டையால் ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு பின்னல் போடுவது, கொண்டை கட்டுவது, ஈரத்தின்மேல் முக்காடு அல்லது ஹிஜாப் இறுக்கிப் போடுவது எல்லாம் அந்த முடியை இழுத்து அறுக்கும். காலையில் ஓட வேண்டியவர்கள் பின்னேரமே முழுகிக் காயவைத்துவிடுங்கள்.

புரதம் உள்ள மாஸ்க் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை போதும். கூடினால் முடி விறைத்து முறியும். பிணைப்பைக் கட்டும் மருந்து என்று விலை கூடிய போத்தல்கள் வருகின்றன. அவை கொஞ்சம் பலம் தரலாம், ஆனால் பழைய முடியைத் திருப்பித் தராது. தலைக்கு வெளியே வந்த முடிக்கு உயிர் இல்லை, தன்னைத் தானே ஆற்றிக்கொள்ள அதற்கு வழி இல்லை. கடைசியில் வெட்டத்தான் வேண்டும். ஒரே நாளில் வெட்ட மனம் வராவிட்டால் மாதத்துக்கு ஒரு அங்குலமாக வெட்டிக்கொண்டு வாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அழுகை வந்தது, ஆனால் வெட்டிய பிறகு அறுவது குறைந்ததைக் கண்ணால் கண்டேன்.

குறி: கொட்டுகிறது. உதிர்வா, முறிவா?

விழுந்த முடிகளில் பத்தை எடுத்து வெள்ளைத் தாளில் வையுங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்தது. குமிழ் இல்லாமல், நீளமும் ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தால் முறிவு, மேலே சொன்ன பகுதிக்குப் போங்கள்.

வேரோடு ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் நடப்பது. மூன்று நாள் முழுகாமல் இருந்துவிட்டு நாலாம் நாள் முழுகினால் தேங்கியிருந்தது எல்லாம் சேர்ந்து வரும், பயப்பட வேண்டாம். அதைவிடக் கூடுதலாக விழுந்தால் இரண்டு மூன்று மாதம் பின்னுக்கு நினைத்துப் பாருங்கள். டெங்கு வந்ததா, பிள்ளை பிறந்ததா, இரும்புச்சத்துக் குறைவா? உடம்பின் அதிர்ச்சிக்கு முடி அவ்வளவு தாமதமாகத்தான் பதில் சொல்லும். அதற்குச் சலூனில் வைத்தியம் இல்லை, இரத்தப் பரிசோதனைதான் வழி. ஆனால் தலைத்தோல் புண்ணான இடத்தில் மட்டும் வட்டமாக உதிர்ந்தால் தாமதிக்காமல் தோல் வைத்தியரிடம் போங்கள்.

குறி: நாலு கிழமையில் பளபளப்புப் போய்விட்டது

இரண்டாம் வகை செய்தவர்களின் முறைப்பாடு இது. நம் பக்கத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரை.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி என்று போகும் இந்த மணல் நிலத்தில் கிணறு ஆழமில்லை. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் களப்பு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் சில வளவுகளில் தண்ணீர் சவர்க்கும். உப்பு, கெரட்டின் பூச்சை அரித்துக்கொண்டு போகும் என்பார்கள். உள்ளே தள்ளிக் கிணற்றில் சுண்ணாம்பு கூடுதலாக இருந்தால் அது முடியில் படிந்து சொரசொரப்பாக்கும். சோதிக்க ஆய்வுகூடம் தேவையில்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படலம் பிடிக்கிறதா, சவர்க்காரம் நுரைக்க மறுக்கிறதா? அவ்வளவுதான்.

உன்னிச்சைக் குளத்துப் பைப் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதென்றால் தலைக்கு அதையே பாவியுங்கள். குளோரின் மணம் பலமாக இருந்தால் வாளியில் பிடித்து ஓர் இரவு திறந்து வைத்துவிட்டுப் பாவிக்கலாம். பைப் இல்லாத வீடென்றால் கிணற்றில் முழுகிவிட்டுக் கடைசி ஒரு வாளியை மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். மாரியில் கூரையிலிருந்து பிடித்த சுத்தமான மழைத் தண்ணீரைவிட முடிக்கு இதமானது இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் என்றால் ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி விநாகிரி கலந்து கடைசியாக ஊற்றி அலசிவிடலாம். தலைத்தோலில் புண் இருந்தால் வேண்டாம்.

தண்ணீர் சரியென்றால் ஷாம்பூவைப் பாருங்கள். பின்பக்கப் பட்டியலில் முதல் நான்கைந்து பெயருக்குள் சோடியம் லோரில் சல்பேட்டோ சோடியம் குளோரைட்டோ இருந்தால் மாற்றுங்கள். பாசிக்குடாவில் கடலில் குளிக்கும் ஆசையிருந்தால் முன்னரே நல்ல தண்ணீரால் நனைத்து, கண்டிஷனர் தடவி, பின்னிக்கொண்டு இறங்குங்கள். ஏறியதும் அலசுங்கள்.

இன்னொன்று, கார்த்திகை மார்கழியில் செய்தவர்கள் முதல் மாதத்திலேயே ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள். ஈரக்காற்றில் எந்த முடியும் கொஞ்சம் உப்பும். தை பிறந்து வெயில் வந்த பிறகு பார்த்து முடிவெடுங்கள்.

குறி: ஓரிடத்தில் மடிப்பு விழுந்துவிட்டது

முதல் மூன்று நாளில் கிளிப், ரப்பர் பேண்ட், காதுக்குப் பின்னால் ஒதுக்குவது, ஸ்கூட்டி ஹெல்மட். இவற்றால் விழுந்த மடிப்பென்றால் அந்த இடத்தை மட்டும் ஒரு தடவை அயன் பண்ணுங்கள். இரண்டாம் வகையில் போய்விடும். ஹெல்மட்டைக் கழற்றிவிட்டு ஓட வேண்டாம், அந்த மூன்று நாளும் பஸ்ஸிலோ ஓட்டோவிலோ போங்கள். வேருக்குக் கிட்ட முறித்து வைத்தது போல மடிப்பு இருந்தால் அது அயனைச் சரிவாகப் பிடித்ததால் வந்தது. அது பலவீனமான இடம். திரும்பத் திரும்ப நேராக்காமல் வளர்ந்து கீழே வர விடுங்கள்.

குறி: சாயம் வெளிறிவிட்டது

சூடும் அமிலமும் சாயத்தைக் கொஞ்சம் கழற்றும். இரண்டு கிழமை பொறுத்துச் சாயம் போடலாம். அடுத்த தடவை வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஸ்மூத்திங், பிறகு சாயம்.

குறி: வேரில் சுருள், கீழே நேர்

இது கோளாறு அல்ல, முதல் வகை செய்தால் இப்படித்தான் வரும். முடி மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட வளர்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் செய்யலாம். கோட்டைத் தாண்டி ஒரு விரல் அளவு கீழே கிரீம் இறங்கினாலும் அந்த இடத்தில் முறியும். கைப்பழக்கம் உள்ளவர் கையில் மட்டும் கொடுங்கள். வேண்டாம் என்று முழுதாக வளர விட்டால் 40 சென்ரிமீற்றர் முடி மாறக் கிட்டத்தட்ட மூன்று வருடம். அதுவரை அயன் இல்லாமல் சமாளிக்க, ஈரத்தில் தளர்வாகச் சுற்றிக் காயவிட்டுக் கீழ்ப்பகுதிக்கும் கொஞ்சம் அலை கொடுக்கலாம். அறாத முடியில் மட்டும்.

பியூட்டிஷியனை மாற்றுவதா, பொறுப்பதா?

மடிப்பு விழுந்தது, ஓரிடத்தில் பிடிக்கவில்லை, சீக்கிரம் போய்விட்டது, இவற்றுக்காக மாற்ற வேண்டாம். போய்ச் சொல்லுங்கள், திருத்த ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள். ஆனால் எதைப் பூசினார்கள் என்று கேட்டபோது சொல்ல மறுத்தால், முன்னர் என்ன செய்தீர்கள் என்று கேட்காமலே தொடங்கினால், எரிகிறது என்றபோது "கொஞ்சம் பொறுங்கள்" என்றால், அறுந்த முடிக்கு இன்னொரு ட்ரீட்மென்ட் சொன்னால் மாற்றுங்கள். நான்கில் ஒன்று போதும்.

சின்ன ஊரில் இது கஷ்டம் என்று தெரியும். அந்த அக்கா உங்கள் ஒழுங்கையிலேயே இருப்பார், தங்கைக்குக் கலியாணச் சோடனை செய்தவராகவும் இருப்பார். கோபப்படத் தேவையில்லை. ஐப்ரோவுக்கு அங்கேயே போகலாம், கிரீம் வேலையை மட்டும் வேறு கையில் கொடுக்கலாம். காசு கொடுத்து முடி பழுதாகி, கதைத்தும் சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்குப் பில் வேண்டும். கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் புதிதாகப் போனது காத்தான்குடியில் வீட்டு முன்னறையில் திரைபோட்டு வேலை செய்யும் ஒரு ராத்தாவிடம். முதல் நாள் அவர் ஒன்றும் பூசவில்லை. கேள்விதான் கேட்டார். எப்போது செய்தீர்கள், எத்தனை கிரீம், என்ன மணம், சாயம் உண்டா, கறுப்பு மருதோண்டிப் பொடி போட்டீர்களா? கடைசிக் கேள்வி ஏன் என்று கேட்டேன். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும், அதன்மேல் நியூட்ரலைசரிலோ ப்ளீச்சிலோ இருக்கும் பெரொக்சைட் பட்டால் முடி சூடேறிப் பொசுங்கும் என்றார். பிறகு ஒரு முடியை நனைத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு மேல ஒண்ணும் பூச ஏலா தங்கச்சி. காசு வாங்கிட்டு நான் செஞ்சா அது பாவம்."

உழைப்பை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவரைக் கண்டால் விடாதீர்கள். என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் சுவரில் இருந்தால் நல்லது, படித்திருக்கிறார் என்று தெரியும். என்றாலும் கேள்வி கேட்கிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். புதியவரிடம் முதல் தடவை நுனி வெட்ட மட்டும் போங்கள். எப்படித் தொடுகிறார், எப்படிச் சிக்கெடுக்கிறார், யன்னலைத் திறந்து வைத்திருக்கிறாரா என்பதெல்லாம் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். பிறகு ஸ்மூத்திங் செய்யும் எண்ணம் இருந்தால் பிடரியில் உள்பக்கமாக ஒரு மெல்லிய கொத்தில் மட்டும் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று தடவை முழுகி, ஈரத்தில் இழுத்துப் பார்த்த பிறகு மிச்சத் தலையைப் பற்றி யோசியுங்கள்.

வருடத்தில் எத்தனை தடவை என்பதையும் அவரோடு பேசி முடிவெடுங்கள். அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022 இல் வெளிவந்தது. முடியை நேராக்கும் மருந்துகளை வருடத்தில் நான்கு தடவைக்கு மேல் பாவித்தவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் சாத்தியம் 4.05 வீதம், பாவிக்காதவர்களில் 1.64 வீதம் என்று அது கணக்கிட்டது. எந்தக் கிரீம் என்று அந்த ஆய்வு பிரித்துப் பார்க்கவில்லை. கெரட்டின் மூன்று மாதத்தில் போய்விடும் என்பதால் மாறி மாறிச் செய்பவர்கள் அந்த நான்கைச் சீக்கிரம் தொட்டுவிடுவார்கள். நான் வருடத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், அதுவும் முடி தாங்கினால் மட்டும்.

என் முடி இப்போது கழுத்துக்குக் கீழே நாலு விரல். பழைய முடியில் இன்னும் இரண்டு அங்குலம் மிச்சம். வைகாசியில் வரச் சொல்லியிருக்கிறார் ராத்தா, அதையும் வெட்டிவிடுவதற்கு.